கூரையின் நிறை என்ன?

கூரை மாற்ற வேண்டும் என்ற பேச்சு ஒரு வீட்டில் எழுந்தால், முதலில் விசாரிக்கப்படுவது விலை. அடுத்து விசாரிக்கப்படுவது நிறம். அதன்பின் எந்தக் கடையில் வாங்கலாம், எந்த மேசனாரை அழைக்கலாம், மாரிக்கு முன் வேலை முடியுமா என்றெல்லாம் வீட்டார் கூடிப் பேசுவர். ஆனால் "புதிய கூரையின் நிறை எவ்வளவு?" என்ற கேள்வியை மட்டும் எவரும் கேட்பதில்லை. தலைக்கு மேலே பல ஆண்டுகள் நிற்கப்போகும் சுமையை அறியாமலேயே அதன் கீழ்ப் பாய் விரித்து உறங்குகிறோம்.

நிறுத்து வாங்கும் பழக்கம் இல்லாதவர்கள் அல்லர் நாம். அரிசியையும் வெங்காயத்தையும் தராசின் முள் பார்த்தே வாங்குகிறோம். கூரையை மட்டும் கண்மதிப்பில் விட்டுவிடுகிறோம். இக்கட்டுரையில் அந்தக் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். எட்டாம் வகுப்பு மாணவன் அறிந்த கணிதத்துக்கு மேல் இதற்கு எதுவும் வேண்டியதில்லை.

கிடுகும் ஓடும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய கூரை, பனையோலையும் கிடுகுமே. அக்கூரை இலேசானது, குளிர்ச்சியானது. மெல்லிய கைமரங்களும் வரிச்சுகளும் அதனைத் தாங்கப் போதுமாயிருந்தன. மண்சுவரும் அதற்கு ஈடுகொடுத்தது. ஆனால் ஓலை உக்கும், கறையான் அரிக்கும், ஒரு பொறி பட்டால் எரிந்துபோகும். வசதி வந்தபோது மக்கள் ஓட்டுக்கு மாறியது இயல்பே.

ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும் தட்டோட்டை 1841 இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த கிலார்டோனி சகோதரர்கள் அமைத்தனர். 1865 இல் பேசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்பவர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவினார். அங்கிருந்தும் கள்ளிக்கோட்டையிலிருந்தும் கப்பலேறி வந்த ஓடுகள் இலங்கையெங்கும் பரவின. குடாநாட்டின் பழைய நாற்சார் வீடுகளில் ஓட்டைக் கழற்றித் திருப்பிப் பார்ப்பவர்கள், மேற்குக் கரைத் தொழிற்சாலைகளின் முத்திரையை இன்றும் காணலாம். அதற்கு முன் வழங்கிய அரைக்குழாய் வடிவான ஓட்டை, ஒரு வரிசை மல்லாக்கவும் மறு வரிசை கவிழ்த்தும் இரட்டையாக அடுக்க வேண்டும். தட்டோடு ஓரங்களில் மட்டுமே ஒன்றன்மேல் ஒன்று படிவதால், அதே பரப்பை மூடக் குறைந்த மண்ணே போதும். அது பெற்ற வெற்றிக்கு இந்த நிறைச் சிக்கனமும் ஒரு காரணமாகும்.

எனினும் கிடுகோடு ஒப்பிட்டால் தட்டோடு பன்மடங்கு பாரமானது. கிடுகுக்கென எழுப்பிய கூட்டின் மேல் ஓட்டை ஏற்றிய வீடுகளிலே கைமரம் வளைவதும், முகடு குதிரை முதுகுபோல் நடுவில் தாழ்வதும், சுவரின் தலைப்பகுதி வெளிப்புறம் சாய்வதும் இதனாலேயே.

முதலிற் பரப்பு

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தாழ்வாரத்தையும் சேர்த்து நீளம் 40 அடி, அகலம் 30 அடி. நடுவில் முகடு, இருபுறமும் சரிவு. தரையில் அளந்தால் பரப்பு 1200 சதுர அடி. இதையே கூரையின் பரப்பென்று கொண்டு ஓடு வாங்குவோர் உண்டு. ஆனால் சரிவு, தரையை விட நீளமானது.

முகட்டிலிருந்து நேர் கீழாகத் தாழ்வார விளிம்புவரை கிடையாக 15 அடி. முகட்டின் உயரம், அந்த விளிம்பின் மட்டத்திலிருந்து 8 அடி. இவ்விரண்டும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். மாணவர்கள் பைதகரஸ் தேற்றத்தை நினைவுகூர்வார்களாக: 15 இன் வர்க்கம் 225, 8 இன் வர்க்கம் 64, கூட்டினால் 289, அதன் வர்க்கமூலம் 17. ஆகவே சரிவின் நீளம் 17 அடி. ஒரு புறத்தின் பரப்பு 17 ஐ 40 ஆற் பெருக்க 680 சதுர அடி. இருபுறமும் 1360 சதுர அடி. தரையளவை நம்பியவருக்கு 160 சதுர அடிக்கான ஓடு குறைந்துபோயிருக்கும்.

பின்னர் நிறை

தட்டோடு, 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 150 வேண்டும். எமது வீட்டுக்கு 2040 ஓடுகள். ஓர் ஓட்டின் நிறை சாதாரணமாக 2 கிலோவுக்கும் 3 கிலோவுக்கும் இடைப்பட்டது. தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை வேறுபடும். ஆகவே வாங்க நினைக்கும் ஓட்டிற் பத்தை எடுத்து ஒன்றாக நிறுத்துப் பத்தாற் பிரித்துக்கொள்வதே சரியான வழி. சராசரி 2.75 கிலோ வந்ததாக வைத்துக்கொண்டால், 2040 ஓடுகளின் நிறை 5610 கிலோ. முகட்டோடும் அதனைப் பதிக்கும் சாந்தும் ஒரு 300 கிலோ என்று சேர்ப்போம்.

மரத்தையும் மறத்தலாகாது. இரண்டடிக்கு ஒன்றாக ஒரு புறத்தில் 21 கைமரம், இருபுறமும் 42. ஒவ்வொன்றும் 17 அடி நீளம், 5 அங்குல உயரம், 2 அங்குலத் தடிப்பு. கன அளவு 1.18 கன அடி. வைரம் பாய்ந்த பனை கன அடிக்கு 25 கிலோ அளவில் நிற்குமெனக் கொண்டால், ஒரு கைமரம் ஏறக்குறைய 30 கிலோ. 42 உம் சேர்ந்து 1240 கிலோ. அவற்றின் குறுக்கே ஓடு கொளுவ அடிக்கும் சிலாகைகள் 460 கிலோ அளவில் வரும். ஆக மரம் 1700 கிலோ.

ஓடும் முகடும் மரமுமாக மொத்தம் 7610 கிலோ. ஒரு பை சீமெந்து 50 கிலோ என்பதை நாம் அறிவோம். 152 பை சீமெந்தை வீட்டின் மேல் அடுக்கிவைத்ததற்கு ஒப்பானது இந்தச் சுமை.

மொத்தத்தை விடக் கைமரம் ஒன்றுக்குரிய பங்கு எமக்கு இன்னும் தெளிவாக உண்மையைக் காட்டும். இரண்டடி அகலமும் 17 அடி நீளமும் கொண்ட பட்டையை ஒரு கைமரம் தாங்குகிறது. 34 சதுர அடியில் 51 ஓடு. நிறை 140 கிலோ. அதாவது ஏறக்குறைய மூன்று பை சீமெந்தை ஒவ்வொரு கைமரமும் இரவும் பகலும் இறக்காமற் சுமக்கின்றது. நடுவில் வளையொன்று உட்சுவரிலிருந்து அதனைத் தாங்கினால் நல்லது. அவ்வாறு தாங்கலின்றி, இரு கைமரங்கள் முகட்டில் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்குமானால், இவ்வளவு சரிவுள்ள கூரையிலே ஒவ்வொன்றும் தான் சுமக்கும் பாரத்துக்கு ஏறத்தாழச் சமமான விசையோடு சுவரை வெளிப்புறம் தள்ளும். குறுக்குத் தீராந்தி போட்டு இருபுறச் சுவர்த்தலைகளையும் பிணைத்துவைத்த பழைய தச்சர், எழுத்துக் கணக்கின்றியே இதனை அறிந்திருந்தனர்.

மாரியிற் கூடும் பாரம்

இதுவரை போட்டது வெயிற்காலக் கணக்கு. ஓடு சுட்ட மண். அதன் நுண்துளைகள் நீரைக் குடிக்கும். எவ்வளவு குடிக்குமென்பதை வீட்டிலேயே கண்டறியலாம். நன்றாக உலர்ந்த ஓடொன்றைக் கடைத்தராசில் நிறுத்து எழுதிவைக்க வேண்டும். பின் ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவிட்டு, மேலீரத்தைத் துணியால் துடைத்து மறுபடி நிறுக்க வேண்டும். கூடிய நிறையை உலர்ந்த நிறையாற் பிரித்து நூறாற் பெருக்கினால் நூற்றுவீதம் கிடைக்கும். விஞ்ஞானம் கற்கும் பிள்ளைகளுக்கு இது நல்லதொரு ஞாயிற்றுக்கிழமைச் சோதனை.

நூற்றுக்கு 15 என்று வந்தால், எமது வீட்டின் ஓடுகள் முழுதும் நனைந்தபோது மேலும் 840 கிலோ கூடும். சீமெந்துக் கணக்கிற் பதினேழு பை. வடகீழ்ப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் நாட்கணக்கிற் பெய்யும் எமது நாட்டில், இது என்றோ ஒருநாள் வரும் சுமையன்று. 2008 நவம்பரில் "நிஷா" புயலோடு வந்த பெருமழையிற் குடாநாடு வெள்ளக்காடானதைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். கைமரம் முறிவதானால், வெயிலிலன்றி அத்தகைய இரவிலேயே முறியும்.

பாசி பிடித்துப் பொருமிய பழைய ஓடு புதிய ஓட்டை விடக் கூடுதலாக நீர் குடிக்கக்கூடும். பழைய ஓட்டை மீண்டும் பாவிக்க விரும்புவோர் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கட்டும்: கணீரென ஒலிப்பது நல்லது, மந்தமாக ஒலிப்பதில் வெடிப்பு இருக்கும்.

ஏனைய பொருள்கள்

ஒப்பீட்டுக்காக, 100 சதுர அடிக்கு எவ்வெப்பொருள் எவ்வளவு நிறையுடையதென்று பார்ப்போம். தட்டோடு, மேற்கூறிய கணக்கின்படி 412 கிலோ. சீமெந்தும் அஸ்பெஸ்டோஸ் நாரும் கலந்த நெளிதகடு 140 கிலோ அளவில். 4 அங்குலக் கொங்கிறீற்றுத் தட்டு 2250 கிலோவுக்கு மேல்.

உலோகத் தகட்டின் நிறையை எவரும் கணித்துக்கொள்ளலாம். உருக்கு, ஒரு கன மீற்றர் 7850 கிலோ. ஆகவே ஒரு மில்லிமீற்றர் தடிப்பும் ஒரு சதுர மீற்றர் பரப்பும் உள்ள தகடு 7.85 கிலோ. இன்று விற்கும் 0.47 மில்லிமீற்றர்த் தகடு 3.7 கிலோ. நெளிவுக்கும் ஒன்றன்மேல் ஒன்று படிவதற்கும் காற்பங்கு கூட்டினால் 4.6 கிலோ. 100 சதுர அடிக்கு 43 கிலோ. ஓட்டின் நிறையிற் பத்திலொரு பங்கு!

இதைக் கண்டு மகிழ்வோர் பலர். "பாரம் குறைந்தது, பழைய மரமே போதும், சுவருக்கும் ஆறுதல்" என்பர். எமது வீட்டில் ஓட்டை இறக்கித் தகடு போட்டால், 5900 கிலோ போய் 585 கிலோ வரும். கீழ்நோக்கிய கணக்கில் அது இலாபமே. ஆனால் கூரைக்கு இன்னொரு கணக்கு உண்டு.

மேல்நோக்கிய கணக்கு

1964 டிசெம்பர் 22, 23 ஆகிய நாட்களில் வீசிய சூறாவளி மன்னார், யாழ்ப்பாணக் கரையோரங்களைச் சின்னாபின்னமாக்கியது. அதே புயல்தான் அக்கரையிலே தனுஷ்கோடியை அழித்தது. 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தென்னந்தோப்புகளைச் சாய்த்து, ஆயிரக்கணக்கான வீடுகளின் கூரைகளைப் பெயர்த்தது. இத்தகைய நேரங்களிற் கூரை கீழே விழுவதனிலும் மேலே பறப்பதே பெரும்பான்மை. காற்று முகட்டைத் தாண்டி விரைந்து செல்கையில் மேற்புறத்தில் அமுக்கம் குறைகிறது. கதவு, யன்னல் வழியாகப் புகுந்த காற்று உட்புறத்திலிருந்து உந்துகிறது. இரண்டும் சேர்ந்து கூரையை மூடிபோற் கிளப்புகின்றன.

மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்றின் அமுக்கம், 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 450 கிலோவின் பாரத்துக்குச் சமம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதே இதன் விதி. 150 கிலோமீற்றரில் அது 1010 கிலோவாகிவிடும். கூரை விளிம்புகளில் இதை விடக் கூடுதலாகவும், நடுப்பகுதியிற் குறைவாகவும் இருக்கும். முழுக்கூரையும் அவ்வமுக்கத்துக்கு உள்ளாவதாக வைத்து, மேலிழுக்கும் விசையைத் தரைப்பரப்பான 1200 சதுர அடிக்குக் கணித்தால், 100 கிலோமீற்றரில் 5400 கிலோ. 150 கிலோமீற்றரில் 12,120 கிலோ.

இப்போது இரு கூரைகளையும் தராசில் வைப்போம். ஓட்டுக்கூரை 7610 கிலோ. 100 கிலோமீற்றர்க் காற்றில் அது தன் பாரத்தாலேயே அமர்ந்திருக்கும். விளிம்பு ஓடுகள் சில போகலாம். தகட்டுக்கூரை மரத்தோடு சேர்த்து 2285 கிலோவே. அதே காற்றில் 3100 கிலோ விசை அதனை மேலிழுக்கும். 150 கிலோமீற்றரில் ஓட்டுக்கூரையின் ஒவ்வொரு கைமரத்தையும் 107 கிலோ விசை கிளப்பும். தகட்டுக்கூரையின் ஒவ்வொரு கைமரத்தையும் 234 கிலோ விசை கிளப்பும். ஓட்டின் கீழிருந்தபோது 140 கிலோவைச் சுமந்துநின்ற அதே மரம், தகட்டின் கீழ் அதனிலும் கூடுதலான விசையால் மேலே இழுக்கப்படுகிறது. சுமப்பதற்கென அமைத்த பழைய கூட்டில், இழுபட்டுத் தாங்குவதற்கான ஏற்பாடு பெரும்பாலும் இருப்பதில்லை.

ஆகவே பாரமான கூரைக்கு வேண்டியது வலிய மரம். இலேசான கூரைக்கு வேண்டியது வலிய பிணைப்பு. தகட்டை மரத்தோடும், சிலாகையைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவர்வளையோடும், சுவர்வளையைச் சுவரோடும் பிணைக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாவிட்டாலும் மற்றவற்றாற் பயனில்லை. முதல் மூன்றையும் திருகாணியாலும் இரும்புப் பட்டத்தாலும் செய்துவிட்டு, நான்காவதை மறந்துவிடுவது வழக்கமாகக் காணப்படும் குறை. சுவர்வளையைப் பிடிக்கும் இரும்பு சுவருக்குள் இரண்டு மூன்றடி ஆழம் இறங்கியிருந்தால்தான், அச்சுவரின் பாரம் கூரைக்கு நங்கூரமாக உதவும். ஓட்டுக்கூரையிலும் முகட்டையும் ஓரத்து ஓடுகளையும் சாந்தாற் பிணைப்பது இக்காரணம் பற்றியே.

வெறுஞ்சுவரின் மேல் புதுக்கூரை

இக்கணக்கு எமது மண்ணில் வெறும் ஏட்டுக்கணக்கன்று. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள், இருபது, இருபத்தைந்து ஆண்டுகளின் பின் காணி விடுவிக்கப்பட்டுத் திரும்பியபோது, பலர் கண்டவை கூரையும் கதவும் அற்ற சுவர்களையே. சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய அச்சுவர்கள் மாரிக்கு மாரி மழையை நேரே வாங்கி நின்றவை. விரிசல்களில் ஆலும் அரசும் வேரோடியவை. முன்னொரு காலத்தில் ஓட்டைச் சுமந்த சுவர்தானே என்று எண்ணி அவற்றின் மேல் அப்படியே எட்டுத் தொன் ஏற்றுவது துணிச்சல். இலேசான தகடுதானே என்று எண்ணிப் பிணைப்பில்லாமல் வைப்பதும் துணிச்சலே. சுவரின் தலையில், வீட்டைச் சுற்றி இரும்புக்கம்பி இட்ட கொங்கிறீற்று வளையமொன்றை வார்த்து, அதிலே சுவர்வளையைப் பூட்டுவது இரு ஆபத்துக்கும் ஒரு காப்பாகும். அதன் நிறையையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மரமும் முன்போல் இல்லை. ஒல்லாந்தர் காலத்திலேயே கடல்கடந்து சென்ற யாழ்ப்பாணப் பனைமரம், போர்க்காலத்திற் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமெனக் கணக்கின்றித் தறிக்கப்பட்டது. ஒரு பனை நல்ல வைரம் கொள்வதற்கு ஒரு மனித வாழ்நாள் வேண்டும். இளம் பனையின் மரம் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருந்தாலும், உள்ளே சோற்றிப் பகுதியே மிகுந்திருக்கும். அதனை 140 கிலோவுக்கு நம்பலாகாது.

வேலை நடக்கும் நாளில்

கணக்கைச் சரியாகப் போட்டவரும் கவனிக்கவேண்டியவை சில உண்டு. புதிய ஓட்டைக் கூரையில் ஓரிடத்திற் குவிக்கலாகாது. 200 ஓட்டை ஒருங்கே அடுக்கினால் 550 கிலோ, இரண்டு மூன்று கைமரங்களின் மேல் அமர்ந்துவிடும். அதன்மேல் இரண்டு ஆட்களும் ஏறுவர். ஒரு புறத்து ஓட்டை முழுதும் இறக்கிவிட்டு மறுபுறத்தை அப்படியே விடுவதும் தவறு. இருபுறமும் சமமாக இறக்கிச் சமமாக ஏற்ற வேண்டும். உடைவுக்கென நூற்றுக்கு ஐந்து கூட்டி, 2140 ஓடு வரவழைத்தால் போதும். அவை 5900 கிலோ அளவில் வருவதால், ஏற்றிவரும் லொறி எத்தனை நடை வரவேண்டுமென்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம்.

பழைய கூரை அஸ்பெஸ்டோஸ் ஆயின் எச்சரிக்கை மிகமிக வேண்டும். எல்லா வகை அஸ்பெஸ்டோஸும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாரைக் கலந்துவைத்த தகடு சும்மா கிடக்கும்வரை தரும் தீங்கு குறைவு. அறுக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் தூசியே நுரையீரலைச் சேர்வது. ஆகவே நன்றாக நனைத்து, முழுத் தகடாகவே கழற்றி, கயிற்றில் இறக்க வேண்டும். மேலிருந்து வீசலாகாது. பிள்ளைகளை அன்றைக்கு அயல்வீட்டுக்கு அனுப்பிவிடுவது நன்று. உடைந்த துண்டை முற்றத்துப் பள்ளம் நிரப்பவும் பாத்திரம் தேய்க்கவும் எடுத்துவைக்கும் பழக்கம் அடியோடு ஒழிய வேண்டும்.

இத்தனைக்கும் வீட்டாருக்கு வேண்டிய கருவிகள் ஓர் அளவுநாடா, ஒரு தராசு, ஒரு பென்சில், ஒரு தாள் ஆகியனவே. சரிவின் பரப்பு, பொருளின் உலர்ந்த நிறை, நனைந்த நிறை, கைமரம் ஒன்றின் பங்கு, காற்று இழுக்கும் விசை என்ற ஐந்து வரிகளை எழுதிக்கொண்டு தச்சரிடமும் மேசனாரிடமும் சென்றால், பேச்சு விலையோடு நின்றுவிடாது. அனுபவமுள்ள தொழிலாளர் இத்தகைய கேள்வியை வெறுப்பதில்லை. தாம் அறிந்ததைக் கூறவும் நல்ல மரத்தைக் கேட்டு வாங்கவும் அவர்களுக்கு அது துணையாகிறது. சுவர் பழையதாயின் பொறியியலாளர் ஒருவரையும் கலந்துகொள்ள வேண்டும். அவருக்கும் அந்தத் தாள் பயன்படும்.

மாரி தொடங்குமுன் வரும் ஆவணியும் புரட்டாதியும் கூரை வேலைக்குரிய மாதங்கள். கூரை மாற்ற எண்ணியிருப்போர் ஓடு வாங்கப் புறப்படுவதற்கு முன்னரே, வீட்டிலுள்ள பிள்ளைகளின் கையில் அளவுநாடாவைக் கொடுத்து முகட்டின் உயரத்தை அளக்கச் சொல்லலாம். பைதகரஸ் தேற்றம் எதற்குப் பயன்படும் என்ற அவர்களின் கேள்விக்கும் அன்றே விடை கிடைத்துவிடும்.